அம்மாவோ அப்பாவோ திரும்ப படிக்கப் போறப்போ, வீட்டுச் செலவுக்கு கர்த்தரை நம்புறது எப்படி

நான் திரும்ப படிக்க சேர்ந்தப்போ பெரியவளுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 4. ரெண்டு சம்பளத்துல ஓடின வீடு ஒரு சம்பளத்துக்கு வந்துடுச்சு. "கர்த்தர் பாத்துக்குவார்"னு எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன், ஆனா ராத்திரி 2 மணிக்கு முழிச்சுக்கிட்டு மனசுக்குள்ளயே கணக்கு போட்டுட்டு கிடப்பேன். நம்புங்கன்னு சொல்ல ஆள் இருந்தாங்க, நம்புறவ காலைல எந்திரிச்சு என்ன பண்ணணும்னு சொல்லத்தான் ஆள் இல்ல. அதனால எனக்கு தெரிஞ்சத எழுதுறேன்.

எனக்கு வழி காட்டினது பைபிள்ல 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். புருஷன் செத்துப்போன ஒரு அம்மா, கடன்காரன் வந்து ரெண்டு பசங்களையும் அடிமையா கொண்டுபோக நிக்கிறான், அவங்க எலிசாங்கிற தீர்க்கதரிசிகிட்ட போய் அழறாங்க. எலிசா உடனே அற்புதம் பண்ணல, வீட்ல என்ன இருக்குன்னு கேக்குறார். ஒரு குடம் எண்ணெய் தவிர ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க. அந்த கேள்விதான் நம்ம ஆரம்பமும்.

அப்போ மொதல்ல ஒரு நோட்டு எடுங்க. வீட்ல என்ன இருக்குன்னு எழுதுங்க, சேமிப்பு, வர்ற சம்பளம், பிள்ளைங்கள பாத்துக்க ஆள் இருக்காங்களா, உங்களுக்கு கை வந்த வேலை ஏதாவது இருக்கா, எல்லாமே. எதிர்ப்பக்கம் செலவ எழுதுங்க. காலேஜ் ஃபீஸ் மட்டும் எழுதிட்டு நிறுத்திடாதீங்க, எக்ஸாம் ஃபீஸ், புக்ஸ், போக்குவரத்து, பிள்ளைங்கள விட்டுட்டு போற இடத்துக்கு குடுக்குற காசு, இதெல்லாம்தான் பின்னாடி வந்து கழுத்த பிடிக்கும். கணக்கு பாத்தா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்னு நினைக்கிறவங்க லூக்கா 14 படிங்க, கோபுரம் கட்டப் போறவன் முதல்ல உட்கார்ந்து செலவ கணக்கு பாப்பான்னு சொன்னது இயேசுதான்.

எழுதினதுக்கு அப்புறம் அந்த செலவ ரெண்டா பிரிங்க, எனக்கு ரொம்ப உதவினது இதுதான். முதல் வகை தினசரி செலவு, சாப்பாடு, பஸ் காசு மாதிரி. இதுக்கு மன்னாவ நினைச்சுக்கோங்க, வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு கர்த்தர் வானத்துலருந்து குடுத்த சாப்பாடு அது, யாத்திராகமம் 16ல தலைக்கு ஒரு ஓமர்ங்கிற அளவுல அன்னன்னைக்கு பொறுக்கணும், மறுநாளைக்குன்னு எடுத்து வெச்சது புழு பிடிச்சு நாறிடுச்சு. அதனால அடுத்த வருஷத்து சாப்பாட்டுக்கு இன்னைக்கு ராத்திரி கவலைப்பட வேண்டாம், இன்னைக்கு உள்ளத கேளுங்க, அன்றன்றுள்ள அப்பம்னு ஜெபிக்க சொல்லிக் குடுத்தது இதுக்குத்தான். ரெண்டாவது வகை, தேதி தெரிஞ்சே வர்ற பெரிய செலவு, செமஸ்டர் ஃபீஸ் மாதிரி. இங்க யோசேப்பு பண்ணினத பண்ணணும், எகிப்துல பஞ்சம் வரப்போகுதுன்னு தெரிஞ்சு, 7 வருஷம் நல்ல விளைச்சல் இருந்தப்பவே ஐஞ்சுல ஒரு பங்கு எடுத்து வெச்சார். முடிஞ்சா வேலைய விடுறதுக்கு முன்னாடியே எடுத்து வைக்க ஆரம்பிங்க. நான் ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டேன், தினச் செலவுக்கு பயந்து தூக்கத்த விட்டேன், செமஸ்டர் ஃபீஸுக்கு எப்படியாவது வரும்னு சும்மா இருந்துட்டு கடைசி நாள்ல அபராதத்தோட கட்டினேன்.

அடுத்தது பாத்திரம். எலிசா அந்த அம்மாவ அக்கம்பக்கத்துல போய் வெறும் பாத்திரம் கேட்டு வாங்கச் சொன்னார், அதுவும் கொஞ்சமா வாங்காதன்னு சொன்னார். அந்தப் பாத்திரம் எல்லாம் நிறையுற வரைக்கும் அந்த ஒரு குடத்து எண்ணெய் வந்துக்கிட்டே இருந்துச்சு. கடன்பட்ட வீட்டு பொம்பள வீடு வீடா ஏறி இறங்கி வெறும் பாத்திரம் கேக்குறது எவ்வளவு கூச்சமா இருந்திருக்கும்! நமக்கும் அதே கூச்சம்தான், ஆனா கேளுங்க. காலேஜ் ஆபீஸ்ல ஃபீஸ தவணையா கட்டலாமா, சலுகை இருக்கா, ஸ்காலர்ஷிப்புக்கு கடைசி தேதி என்னன்னு நேர்லயே போய் கேளுங்க. சீனியர்ஸ்கிட்ட பழைய புக்ஸ் கேளுங்க, லைப்ரரில இருக்கிறத காசு குடுத்து வாங்காதீங்க. சபையில பணமா கேக்க மனசு வரலன்னா, வாரத்துல 2 சாயங்காலம் பிள்ளைங்கள பாத்துக்க முடியுமான்னு கேளுங்க, அது பணத்த விட பெரிய உதவி. பெர்சிய ராஜாகிட்ட வேலை பாத்த நெகேமியா, இடிஞ்சு கிடந்த எருசலேமுக்காக மாசக்கணக்கா ஜெபிச்சார், ஆனா ராஜா என்ன வேணும்னு கேட்டப்போ எத்தனை நாள், யாருக்கு கடிதம், எதுக்கு மரம்னு எல்லாத்தையும் தெளிவா சொன்னார். "ஏதாவது உதவி பண்ணுங்க"ன்னு பொதுவா கேட்டா யாருக்கும் என்ன பண்றதுன்னு தெரியாது.

லோன் வாங்குறதா இருந்தா, படிக்கிற காலத்துல வட்டி ஏறுமா ஏறாதா, தவணை எப்போ ஆரம்பிக்கும், இத கேக்காம கையெழுத்து போடாதீங்க. இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும், இவ்வளவு காணிக்கை போட்டா ஃபீஸ் ரெட்டிப்பா திரும்ப வரும்னு யாராவது சொன்னா அத நம்பி ஃபீஸ் காச தூக்கிக் குடுக்காதீங்க. மனசார குடுக்கிறது வேற, பேரம் பேசுறது வேற.

பிள்ளைங்ககிட்ட மறைக்காதீங்க. அந்தக் கதைல பாத்திரத்த எடுத்துக் குடுத்தது பசங்கதான், அம்மா ஊத்திக்கிட்டே இருந்தாங்க. எங்க வீட்ல நோட்டுல ஒரு பக்கம் கேட்டது, எதிர்ல வந்தது, ரெண்டுக்கும் தேதி போடுவோம், பெரியவதான் எழுதுவா. ஒரு தடவை "அம்மாவுக்கு கால்குலேட்டர்"னு அவளே எழுதி வெச்சா, 11 நாள் கழிச்சு படிப்ப முடிச்ச ஒரு அக்கா தன்னோடத குடுத்துட்டு போனாங்க, பேட்டரி மூடி இல்லாம டேப் ஒட்டினது. அவ அத கைல வெச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தா. எதிர்ல வெறுமையா நிக்கிற வரிகளும் இருக்கு, நான் நம்பியிருந்த ஒரு ஸ்காலர்ஷிப் வரவே இல்ல, நிறைய அழுதேன். அதையும் அவ பாத்தா. அந்த வருஷம் ஒரு பேப்பர அடுத்த செமஸ்டருக்கு தள்ளி வெச்சுத்தான் சமாளிச்சோம், அப்படி தள்ளிப் போடுறதும் வழிதான், தயங்காதீங்க.

வாரத்துல ஒரு நாள் புக்கையும் கணக்கு நோட்டையும் மூடிடுங்க. மன்னா பொறுக்கினவங்களுக்கு ஆறாம் நாள்ல ரெண்டு மடங்கு கிடைச்சது, ஏழாம் நாள் பொறுக்கப் போனவங்க ஒண்ணும் கிடைக்காம திரும்பினாங்க. ஓய்வு எடுக்கிறதும் நம்புறதுல சேர்ந்ததுதான், பரிட்சை வாரத்துலயும் முடிஞ்ச வரைக்கும் இத விடாதீங்க.

படிப்பு முடிஞ்சு வேலை கிடைச்சா என்ன பண்ணணும்னும் அந்தக் கதையிலயே இருக்கு. எண்ணெய வித்து முதல்ல கடன அடை, மீதில நீயும் உன் பசங்களும் பிழைங்கன்னு எலிசா சொன்னார். முதல் சம்பளம் வந்த அன்னைக்கே கைமாத்து குடுத்தவங்களுக்கு நீங்களா போன் பண்ணுங்க, அவங்க ஞாபகப்படுத்துற வரைக்கும் விடாதீங்க, குடுத்து முடிச்சதும் நோட்டுல அவங்க பேருக்கு நேரா தேதி போடுங்க.