ஷூட்டுக்கு ரேட் சொன்னீங்க, ஹோர்டிங்குக்கு சொன்னீங்களா?

நாலு வருஷம் முன்னாடி திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு ஒரு நாள் ஷூட் பண்ணேன். பன்னெண்டாயிரம் பேசினது, "இன்ஸ்டாவுக்குத்தான் தம்பி, சும்மா ஒரு பத்து படம்"னாங்க, நானும் போய் எடுத்துக் குடுத்துட்டு வந்துட்டேன். ஆறு மாசம் கழிச்சு அவினாசி ரோட்ல பஸ்ல போறேன், தலைக்கு மேல இருபது அடிக்கு நான் எடுத்த படம் நிக்குது. அடுத்த வாரம் ஒரு ஜவுளிக்கடையில பாத்தா பனியன் பெட்டி அட்டையிலயும் அதே படம். போன் போட்டுக் கேட்டா "அதுதான் காசு குடுத்தாச்சே கண்ணு, படம் எங்களுதுதான"ன்னாரு. கோவத்துல வக்கீல் ஃப்ரெண்டுகிட்ட ஓடுனேன். அவன் சிரிச்சுட்டு "அவர் சொல்றது சரிடா"ன்னுட்டான்.

நான் பண்ண பெரிய தப்பே அதுதான். யூட்யூப்ல அமெரிக்காக்காரங்க வீடியோவா பாத்து, ஷட்டரை அமுக்குனவனுக்குத்தான் காப்பிரைட்னு நம்பிட்டு இருந்தேன். அங்க ஃப்ரீலான்ஸருக்கு பெரும்பாலும் அப்படித்தான். நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல பிரிவு 17 என்ன சொல்லுதுன்னா, ஒருத்தர் கேட்டு, காசு வாங்கிட்டு எடுத்துக் குடுத்த போட்டோவுக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லேன்னா, கேட்டவர்தான் முதல் ஓனர். நீங்களா கிளம்பி வால்பாறை போய் எடுத்த படம் உங்களுது, ஆனா பார்ட்டி கூப்பிட்டுப் போய் எடுத்தது அவங்களுது. "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா"ங்கிறதுதான் நமக்கு இருக்கிற ஒரே சந்து, அதுல அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே நுழைஞ்சுடணும். என் கொட்டேஷன்ல இப்ப ஒரு வரி இருக்கு: "படங்களின் காப்பிரைட் போட்டோகிராஃபருக்கே. கீழே குறிப்பிட்ட உபயோகத்துக்கு மட்டும், முழுத் தொகையும் வந்த நாளிலிருந்து அனுமதி." கையெழுத்து வாங்கிட்டா நல்லது, குறைஞ்சது மெயில்லயாவது ஓகேன்னு பதில் வரட்டும். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்னு சொல்லலாம், ஆனா பின்னாடி எப்படி நிரூபிப்பீங்க?

அடுத்தது ரேட். நாள் கணக்கு இல்லேன்னா படக் கணக்கு, ரெண்டுல ஒண்ணைத்தான் சொல்லிப் பழகிட்டோம். ஒரு முறுக்குக் கம்பெனி படம்னு வைங்க, இன்ஸ்டா ஸ்டோரியில போட்டா ஒரே நாள்ல காணாமப் போயிரும், அதையே சிவகாசியில குடுத்து ஒரு லட்சம் கவர் அடிச்சா மூணு வருஷம் ஒவ்வொரு கடையிலயும் தொங்கும். ரெண்டுக்கும் ஒரே காசா? அதனால ஷூட் சார்ஜ் தனி, உபயோகக் காசு தனின்னு பிரிச்சுட்டேன். ஷூட் 15,000ன்னா அதுலயே அவங்க சொந்த வெப்சைட், சோஷியல் மீடியா ஒரு வருஷத்துக்கு அடக்கம். ஹோர்டிங் வேணும்னா ஆறு மாசத்துக்கு அதுல பாதி கூடுதல், பேக்கிங் அட்டைன்னா முழுசா இன்னொரு 15,000. இது என் கணக்கு, ஊருக்கு ஊரு ஆளுக்கு ஆளு மாறும். இப்ப வேண்டாம்னாங்கன்னாலும் ஹோர்டிங், பேக்கிங் லைனை எடுத்துடாதீங்க, ரேட்டோட பேப்பர்ல இருக்கட்டும்.

காலமும் இடமும் எழுதாம விடறது இன்னொண்ணு. படத்தை லைசென்ஸ் விடுறப்ப, அதாவது காப்பிரைட்டை நீங்களே வச்சுக்கிட்டு உபயோகிக்க மட்டும் அனுமதி குடுக்குறப்ப, எத்தனை வருஷம்னு எழுதலேன்னா சட்டம் அதை அஞ்சு வருஷம்னு எடுத்துக்கும், எங்கன்னு எழுதலேன்னா இந்தியா முழுக்கன்னு எடுத்துக்கும் (பிரிவு 19, அதை லைசென்ஸுக்கும் பொருத்துறது 30ஏ). நீங்க ஒரு தீபாவளி சீசனுக்குன்னு மனசுல நினைச்சிருப்பீங்க, அவருக்கு அஞ்சு தீபாவளி கிடைச்சுடும். எக்ஸ்போர்ட் பார்ட்டின்னா விஷயமே தலைகீழ், அவங்க ஜெர்மனி பையர் கேட்லாக்ல போடணும்னா இந்தியா மட்டும் பத்தாது, அதை எடுத்துச் சொன்னாலே வெளிநாட்டு உபயோகத்துக்குத் தனியா பேசலாம். பையர், டீலர், ஆட் ஏஜென்சின்னு கை மாத்தி விடுறதுக்கு அனுமதி உண்டா இல்லையான்னும் ஒரு வரி போட்டுடுங்க, பாதி சண்டை அங்கதான் வருது.

"ஃபுல் ரைட்ஸ் குடுத்துடுங்க ப்ரோ"ன்னு கேக்குறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அப்படின்னா என்னன்னே தெரியாது. எங்கெங்க போடப் போறீங்கன்னு கேளுங்க, நாலு இடம் சொல்லுவாங்க, அந்த நாலுக்கு லைசென்ஸ் குடுத்தா முடிஞ்சுது. நெஜமாவே முழு உரிமையும் வேணும்னா அது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்குற சமாச்சாரம், விலையும் அதுக்கேத்த மாதிரி. அப்படி எழுதிக் குடுத்த பிறகும் இது நான் எடுத்த படம்னு சொல்லிக்கிற உரிமை பிரிவு 57ல உங்ககிட்டயேதான் இருக்கும்.

ரா ஃபைல், அதாவது கேமராவுல எடுத்தபடியே இருக்கிற எடிட் பண்ணாத ஃபைல் கேட்டா சும்மா தூக்கிக் குடுத்துடாதீங்க. கலரை பச்சையாக்கி, மாடல் மூஞ்சியைத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கி, கீழ உங்க பேரையும் போட்டுடுவாங்க. மாடல்கிட்டயும் எந்த உபயோகத்துக்குன்னு எழுதி வாங்கிடணும், பார்ட்டிக்கு ஹோர்டிங் வித்துட்டு மாடல்கிட்ட இன்ஸ்டாவுக்கு மட்டும் கேட்டிருந்தீங்கன்னா மாட்டுறது நீங்கதான்.

கல்யாண போட்டோகிராஃபருங்க கொஞ்சம் கவனிங்க, இதே பிரிவு 17 உங்களுக்கும்தான். எழுதி வைக்கலேன்னா ஆல்பம் படம் உங்களைக் கூப்பிட்டு காசு குடுத்தவங்களுது. பொண்ணு போட்டோவை உங்க பேஜ்ல விளம்பரமா ஓட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்கியிருக்கணும். நிறைய பேர் வாங்குறதில்ல.

திருப்பூர் பார்ட்டி அடுத்த சீசனுக்கு மறுபடி கூப்பிட்டாரு. ஹோர்டிங் 8,000ன்னு தனி லைன் போட்டு அனுப்பினேன். அந்த ஒரு லைனை மட்டும் பேனாவால அடிச்சுட்டு, கையெழுத்துப் போட்டு, வாட்ஸ்அப்ல படம் எடுத்து அனுப்பினாரு. சரின்னு விட்டுட்டேன். தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கு, காலையில ஏழு மணிக்கே போன்: "கண்ணு, அந்த எட்டாயிரம் சொன்னயில்ல... ஆறாயிரத்துக்கு வருமா?"