போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர்: இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை வாசலிலேயே மறுப்பது எப்படி?

இல்லாத முகவரிக்கு வந்த மெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு திருப்பி அனுப்புவது வேண்டாத வேலை. ஸ்பாமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. நாம் அனுப்பும் பவுன்ஸ் (திருப்பி அனுப்பும் மெயில்), சம்பந்தமே இல்லாத ஒருவரின் இன்பாக்ஸில் போய் விழும். நம் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறவும் கூடும். எதிர் சர்வர் பெறுநர் முகவரியைச் சொன்னதுமே டேட்டாபேஸைப் பார்த்து மறுத்துவிட வேண்டும்.

உபுண்டுவில் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது, மெயிலைப் பெட்டியில் சேர்ப்பது டவ்காட், முகவரிகள் மைஎஸ்கியூஎல்லில் 'யூசர்ஸ்' டேபிளில் 'ஈமெயில்' நெடுவரிசையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டைப் செய்வது ஆங்கிலத்தில்தான்.)

1. 'போஸ்ட்ஃபிக்ஸ்-மைஎஸ்கியூஎல்' பேக்கேஜை இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. டேட்டாபேஸில் தனி யூசர் ஒன்றை உருவாக்கி, அந்த டேபிளைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

3. போஸ்ட்ஃபிக்ஸின் கான்ஃபிக் ஃபோல்டரில் புது ஃபைல் ஒன்றைத் திறந்து யூசர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட்ஸ், டிபிநேம், குவெரி என ஐந்து வரி எழுதுங்கள். குவெரி: செலக்ட் ஈமெயில் ஃப்ரம் யூசர்ஸ் வேர் ஈமெயில் = '%எஸ்'. வந்த முகவரியை %எஸ் இடத்தில் போஸ்ட்ஃபிக்ஸே போட்டுக்கொள்ளும்.

ஹோஸ்ட்ஸில் பலர் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று போட்டுவிட்டு முழிப்பார்கள். அப்படிப் போட்டால் மைஎஸ்கியூஎல் சாக்கெட் ஃபைலைத் தேடும். குரூட்டுக்குள் (வெளியே இருக்கும் ஃபைல்கள் தெரியாதபடி ஒரு ஃபோல்டருக்குள் அடைபட்டு) ஓடும் போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது எட்டாது. 127.0.0.1 என்றே எழுதுங்கள். ஃபைலில் பாஸ்வேர்டு இருப்பதால் உரிமையாளர் ரூட், குரூப் போஸ்ட்ஃபிக்ஸ், அனுமதி 640 (உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குரூப் படிக்க மட்டும்).

4. போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய கான்ஃபிக் ஃபைலான மெயின்.சிஎஃப்பில் 'வர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_டொமைன்ஸ்' என்பதில் உங்கள் டொமைனையும், 'வர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_மேப்ஸ்' என்பதில் 'மைஎஸ்கியூஎல்:' என்று தொடங்கி அந்த ஃபைலின் முழுப் பாதையையும் கொடுங்கள். அதே டொமைன் 'மைடெஸ்டினேஷன்' வரியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டிலும் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

5. ரீலோடுக்கு முன் 'போஸ்ட்மேப் -க்யூ' கட்டளையில் ஒரு முகவரியையும் மேப்பையும் (மேலே 'மைஎஸ்கியூஎல்:' என்று தொடங்கிக் கொடுத்த அதே பாதை) கொடுத்துப் பாருங்கள். இருக்கிற முகவரி என்றால் அதுவே திரும்ப வரும். இல்லாதது என்றால் ஒன்றுமே வராது.

சரி, ரீலோடு செய்தாயிற்று. இனி இல்லாத பெயருக்கு மெயில் வந்தால் 550 5.1.1, 'யூசர் அன்நோன்' என்று லாகில் தெரியும். தெரியாவிட்டால் 'வர்ச்சுவல்_அலியாஸ்_மேப்ஸ்' பக்கம் போங்கள்: '@டொமைன்' என்று கேட்ச்-ஆல் வரி இருந்தால் எல்லா முகவரியும் செல்லுபடியாகும்.

டேட்டாபேஸ் படுத்துவிட்டால்? போஸ்ட்ஃபிக்ஸ் 550 சொல்லாது, 451 சொல்லும். தற்காலிகக் கோளாறு என்று பொருள்; அனுப்பிய சர்வர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும்.