டைப் 1 சர்க்கரையோடு கர்ப்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைப் 1 உள்ள பெண் கர்ப்பமானதும், வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டில் யாருக்கோ வந்த கர்ப்பகாலச் சர்க்கரையின் கதையைத்தான் சொல்வார்கள். "சாதத்தைக் குறைச்சா போதும், பிரசவம் ஆனதும் தானா போயிடும்." குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கர்ப்பகாலச் சர்க்கரையில் கணையம் இன்சுலின் சுரக்கிறது, தேவைக்குப் போதவில்லை, அவ்வளவுதான். டைப் 1-இல் சுரப்பே கிட்டத்தட்ட இல்லை. சாப்பாட்டைக் குறைத்து இன்சுலினை விட்டுவிடலாம் என்ற பேச்சு ஒரு வேளைக்குக்கூடச் செல்லாது.

ஊசி குழந்தைக்கு ஆகாது என்ற பயமும் அப்படித்தான். வயிற்றில் போடும் ஊசி தோலுக்கு அடியிலுள்ள கொழுப்போடு நின்றுவிடும். கருப்பையை நெருங்குவதே இல்லை. தாயின் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதும் இல்லை. தாண்டிப் போவது சர்க்கரைதான். அது மிகுதியாகப் போனால் குழந்தையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும், குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும். பிறந்த கையோடு அந்தக் குழந்தைக்குச் சர்க்கரை திடீரென இறங்குவதற்கும் இதுவே காரணம். அந்த நேரத்தில் சேனை வைக்கிறோம், தேன் தொட்டு வைக்கிறோம் என்று பெரியவர்கள் வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். குழந்தைக்கு வேண்டியது சீக்கிரமே தாய்ப்பால்.

இன்னொரு தவறு, கர்ப்பம் உறுதியான பிறகு சர்க்கரையைக் கவனிக்கலாம் என்று இருப்பது. நாள் தள்ளிப்போய், டெஸ்ட் செய்து, டாக்டரைப் பார்ப்பதற்குள் ஆறேழு வாரம் ஆகிவிடும். குழந்தையின் இதயமும் முதுகெலும்பும் உருவாவது அந்த வாரங்களில்தான். அதனால் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. 10-க்கு மேல் இருந்தால் தள்ளிப்போடத்தான் சொல்வார்கள். ஃபோலிக் அமிலத்தையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பல டாக்டர்கள் 5 மில்லிகிராம் எழுதுகிறார்கள், கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு மாத்திரை அதற்கு ஈடாகாது. எனலாப்ரில், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரை, கொழுப்புக்கான ஸ்டாட்டின் ஆகியவற்றை எடுப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது டோஸ். போன மாதம் எழுதிக் கொடுத்த அளவையே அப்படியே போட்டுக்கொண்டிருப்பது மற்ற காலத்தில் பரவாயில்லை, கர்ப்பத்தில் ஆகவே ஆகாது. முதல் மூன்று மாதத்தின் பின்பாதியில் தேவை சற்றுக் குறையும். தாழ்சர்க்கரை அடிக்கடி வரும், தூக்கத்திலும் வரும்; நடுக்கம், வியர்வை போன்ற எச்சரிக்கைகூட மங்கிப்போகலாம். 15 கிராம் குளுக்கோஸ் தலைமாட்டிலேயே இருக்கட்டும், வீட்டில் இன்னொருவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கட்டும். சுமார் 16 வாரத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கும். கடைசி மாதங்களில் தேவை இரண்டு, மூன்று மடங்காகக்கூடப் போகும். 'ஏன் இவ்வளவு யூனிட் ஏறுது' என்று பயந்து தாமாகக் குறைத்துக்கொள்வோர் உண்டு. ஏறுவது இயல்பு. மாறாக, கடைசி மாதங்களில் தேவை சட்டென்று குறைந்தால்தான் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ரத்தச் சர்க்கரைக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு (mg/dL கணக்கில்): வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. தாழ்சர்க்கரை அதிகம் வருகிறவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்தலாம். ஹெச்பிஏ1சி-யை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கர்ப்பத்தில் ரத்த அணுக்கள் வேகமாக மாறுவதால் அது தானாகவே குறைந்து காட்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு மசக்கையில் நடக்கிறது. காலையிலிருந்து வாந்தி, ஒரு வாய் கஞ்சிகூட நிற்கவில்லை. 'சாப்பிடலையே, ஊசி எதுக்கு' என்று இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டு இன்சுலினைக் குறைக்கலாம். நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினைத் தானாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் உடல் கொழுப்பை எரித்து, கீட்டோன் என்ற அமிலத்தை ரத்தத்தில் சேர்க்கும். கர்ப்பத்தில் இது சீக்கிரம் வரும், மீட்டரில் 200-கூடக் காட்டாதபோதும் வரும். அறிகுறி என்ன? குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, அசதி. மசக்கைக்கும் இதேதான். அதனால் ஊகிக்காமல் கீட்டோன் ஸ்ட்ரிப்பால் பாருங்கள். கீட்டோன் இருந்தால், அல்லது எதுவும் வயிற்றில் நிற்காவிட்டால், மறுநாள் செக்கப் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தாய்க்கும் குழந்தைக்கும் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் கண். சர்க்கரையை வேகமாகக் கட்டுக்குள் கொண்டுவரும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு கொஞ்ச காலம் மோசமாகலாம், ஆகவே முதல் மூன்று மாதத்திலேயே பரிசோதனை வேண்டும். ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க 12 வாரத்துக்குப் பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவதுண்டு. எழுதித் தராவிட்டால் நீங்களே கேளுங்கள்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலின் தேவை சில மணி நேரத்திலேயே விழுந்துவிடும், பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கு அல்லது அதற்கும் கீழே. பிரசவத்துக்கு முந்தின நாள் போட்ட அதே அளவைப் போட்டால் தாழ்சர்க்கரை கடுமையாகத் தாக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய டோஸை முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி ஆஸ்பத்திரிப் பையில் வைத்துவிடுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது சர்க்கரை இன்னும் இறங்கும். நள்ளிரவில் குழந்தையை எடுக்கும் முன் இரண்டு பிஸ்கட்டோ ஒரு டம்ளர் பாலோ உங்களுக்கு வேண்டியிருக்கலாம்.