தொட்டியில் உப்பு ஏறிய கதை

செங்கோட்டை வீட்டில் இருந்த 100 லிட்டர் கப்பி மீன் (guppy) தொட்டியைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்றினேன். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கடலுப்புக் கலவை (சமையல் உப்பு ஆகாது). மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக ஆறு வாரம் ஆனது. அதுவரை சரி.

சித்திரை வெயிலுக்குத் தொட்டி மேல் விசிறி வைத்தேன். தினமும் இரண்டு லிட்டர் போலக் குறைந்தது; அதை உப்புத் தண்ணீராலேயே நிரப்பினேன். பத்தாம் நாள், கொல்லத்திலிருந்து ரயிலில் வந்த கோமாளி மீன் மூலையில் ஒடுங்கி மூச்சு வாங்கியது. தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பளவு காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.031! இருக்க வேண்டியது 1.025. ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு உள்ளேயே கிடக்கிறது. புத்தி அப்புறம்தான் வந்தது.

உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஆர்.ஓ. தண்ணீர் விட்டு, நான்கு நாளில் 1.025-க்கு இறக்கினேன். அவசரப்பட்டால் மீன் தாங்காது. இப்போது கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு மார்க்கர் கோடு. அதற்குக் கீழே இறங்கினால் உப்பில்லாத தண்ணீர்தான். பவளம் வளர்ப்பது இனிமேல்தான்.