பிரெட்லெஸ் பேஸுக்கு பிளாட்வவுண்ட் கம்பி: முதல் செட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது

பிரெட்லெஸ் பேஸ் (நெக்கின் குறுக்கே பிரெட் எனும் உலோகப் பட்டைகள் இல்லாத பேஸ் கிட்டார்) வாங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிராண்டு கம்பி நல்லது?" என்றுதான். பிராண்டு கடைசியில் வரட்டும். கம்பி எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும், என்ன மாதிரி ஒலி வேண்டும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்தால், பிராண்டு கிட்டத்தட்டத் தானாகவே அமைந்துவிடும்.

அடிப்படை இதுதான். பெரும்பாலான பேஸ் கம்பிகளில் நடுவே எஃகு உள்கம்பி ஒன்று ஓடும். அதன்மேல் சுற்றிய கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட், தட்டையாக இருந்தால் பிளாட்வவுண்ட். பிரெட் இல்லாத பேஸில் கம்பி நேராக மரத்தின் மேல் அழுந்துகிறது, நீங்கள் விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்க வைக்கும்போதெல்லாம் ரவுண்ட்வவுண்ட் ஓர் அரம் போல மரத்தைத் தேய்க்கும். பிளாட்வவுண்ட் அவ்வளவு தேய்க்காது. வழுக்கும்போது வரும் கீச்சுச் சத்தமும் இதில் மிகக் குறைவு, அதனால் கமகம், ஜாரு எல்லாம் பேஸில் முயன்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இது பெரிய வசதி.

படி 1: உங்கள் பேஸைப் பாருங்கள்

நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டு) பிரிட்ஜ் சேடில் (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) வரை அளந்து பாருங்கள். 34 அங்குலம் என்றால் லாங் ஸ்கேல், 30 என்றால் ஷார்ட் ஸ்கேல். அதற்கேற்ற செட்தான் வாங்க வேண்டும். அப்புறம் இன்னோர் அளவும் தேவை: கம்பியின் குண்டு முனை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை எவ்வளவு என்பது. பிளாட்வவுண்ட் கம்பிகள் பலவற்றில் முறுக்காணிப் பக்கம் நிறத்துணி சுற்றியிருக்கும். அந்தத் துணி நட்டைத் தாண்டித்தான் தொடங்க வேண்டும், நட்டுக்கு பிரிட்ஜ் பக்கமாக வந்துவிட்டால் அந்த செட் உங்கள் பேஸுக்குக் குட்டை.

கம்பி உடலின் பின்புறத்திலிருந்து துளை வழியாக வரும் பேஸ் என்றால் கவனம். துளை ஓரத்தில் கம்பி சட்டென்று மடங்கும்போது தட்டைச் சுற்று பிரியவோ அறுந்துபோகவோ வாய்ப்பு உண்டு. பிரிட்ஜ் வழியாகவே மாட்ட வழி இருந்தால் அப்படியே மாட்டுங்கள்.

பிங்கர்போர்டையும், அதாவது விரலால் கம்பியை அழுத்தும் மரப்பலகையையும், பாருங்கள். பூச்சு இல்லாத ரோஸ்வுட் என்றால் பிளாட்வவுண்டில் தொடங்குவதுதான் பாதுகாப்பு. எபாக்சி (இறுகும் பிசின்) பூசியது அல்லது நல்ல கருங்காலி என்றால் கொஞ்சம் சுதந்திரம் உண்டு.

படி 2: என்ன ஒலி வேண்டும்?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பிரெட்லெஸ் என்றதும் பலரும் மனதில் வைத்திருப்பது அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் ஒலி. அவர் வாசித்தது ஃபெண்டரின் 1962 ஜாஸ் பேஸ், போர்டில் எபாக்சி பூச்சு, மாட்டியிருந்தது ரோட்டோசவுண்டின் ஸ்விங் பேஸ் 66, அதாவது ரவுண்ட்வவுண்ட். அந்த உறுமல் அப்படியே வேண்டும் என்று பிளாட்வவுண்ட் வாங்கினால் கிடைக்காது. பிளாட்வவுண்ட் தருவது வேறு: அடித்தளம் கனமான, ஓரங்கள் மழுங்கிய, டபுள் பேஸின் (நின்றபடி வாசிக்கும் பெரிய வயலின் வடிவ பேஸ்) பக்கம் சாயும் ஒலி. என் காதுக்கு, பாடகருக்குப் பின்னால் நின்று வாசிக்க இதைவிட நல்ல ஒலி இல்லை.

"ம்வா" என்று வாய் திறப்பது போன்ற அந்த பிரெட்லெஸ் குணம் பிளாட்வவுண்டில் முழுதாகப் போய்விடும் என்பதும் தவறு. அதிரும் கம்பி போர்டை லேசாக உரசுவதால்தான் அது வருகிறது. நெக் ஏறக்குறைய நேராக, ஆக்‌ஷன் தாழ்வாக (அதாவது கம்பிக்கும் போர்டுக்கும் இடைவெளி குறைவாக), கம்பி கொஞ்சம் நெகிழ்வாக இருந்தால் பிளாட்வவுண்டிலும் வரும், ரவுண்டை விட அடக்கமாக.

படி 3: இழுவிசை

எனக்கு இதுதான் முக்கியமான படி. கம்பியின் தடிமனை கேஜ் என்பார்கள், 45-105 என்றால் மெல்லிய ஜி கம்பி 0.045 அங்குலம், தடித்த ஈ கம்பி 0.105 அங்குலம். ஒரே கேஜில் ஒரு ரவுண்டும் ஒரு பிளாட்டும் எடுத்தால் பெரும்பாலும் பிளாட்தான் விறைப்பாக இருக்கும், ஏனென்றால் தட்டைச் சுற்றுகளுக்கு இடையில் காற்று இடைவெளி குறைவு, அதே தடிமனில் உலோகம் அதிகம், கனமான கம்பியை அதே சுருதிக்கு இழுக்க அதிக விசை தேவை. ஆகவே பழகிய ரவுண்ட் கேஜையே கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள், ஒரு படி மெல்லியதாகப் பாருங்கள்.

ஆனால் கேஜ் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. தோமாஸ்டிக்-இன்ஃபெல்டின் ஜே.எஃப் 344 செட் 43-56-70-100. டி'அடாரியோ குரோம்ஸ் இ.சி.பி 81 செட் 45-65-80-100. ஈ கம்பி இரண்டிலும் ஒரே தடிமன்தான், ஆனாலும் கையில் எடுத்தால் முதலாவது மிக நெகிழ்வு, இரண்டாவது நல்ல விறைப்பு. தயாரிப்பாளர் இழுவிசை எண்களை வெளியிட்டிருந்தால் கேஜைவிட அதை நம்புங்கள்.

நெகிழ்வான கம்பியில் விரல் அசைவுக்கு ஸ்வரம் உடனே பதில் சொல்லும், ஆனால் பலமாக இழுத்து வாசிப்பவருக்கு அது போர்டில் பட்டு அதிரும். விறைப்பான கம்பி சுருதியில் உறுதியாக நிற்கும், விரல் சீக்கிரம் களைக்கும்.

படி 4: எதை வாங்குவது

கொஞ்சம் பளபளப்பு மிச்சம் இருக்க வேண்டும், விலையும் அடக்கமாக வேண்டும் என்றால் குரோம்ஸ். பழைய, கனமான, தம்தம் என்ற ஒலிக்கு லா பெல்லா 760 எஃப்.எஸ், இது 45-105. (அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லாவின் 52-110 கனமான செட்டைத்தான் பயன்படுத்தினார், ஆனால் அது பிரெட் உள்ள பேஸ், தொடக்கத்தில் அந்தக் கனம் வேண்டாம்.) பாட வைக்கும் நீண்ட ஸ்வரம் வேண்டுமென்றால் தோமாஸ்டிக். விலை அதிகம், ஆனாலும் பிரெட்லெஸுக்கு என் முதல் தேர்வு அதுதான். பிளாட்வவுண்ட் செட் ஒன்று பல ஆண்டுகள் தாங்கும் என்பதால் கணக்கு அவ்வளவு மோசமில்லை.

படி 5: மாட்டுவது

எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கம்பியை முறுக்காணியிலிருந்து 10 முதல் 12 செ.மீ. தள்ளி அளந்து, வெட்டும் இடத்துக்கு முன்பே செங்குத்தாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று பிரிந்து கம்பி செத்துவிடும்.

சுருதி கூட்டியபின் நெக்கைப் பாருங்கள். ஒரு கம்பியை போர்டின் இரு கோடியிலும் அழுத்திப் பிடித்தால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். விறைப்பான செட் நெக்கை முன்னால் வளைத்திருந்தால் டிரஸ் ராடை (நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) கால் சுற்று இறுக்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி பாருங்கள். தடித்த கம்பி நட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை என்றால் நீங்களே அராவாதீர்கள், கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, 12ஆம் பிரெட் இருக்க வேண்டிய இடத்தில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அதே இடத்தில் அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு (நட்டிலிருந்து விலக்கி), இறங்கியிருந்தால் முன்னுக்கு. நெக்கில் கோடு இருந்தால் விரல் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும், கோட்டுக்குப் பின்னால் அல்ல.

புதிய பிளாட்வவுண்ட் சில வாரங்களுக்கு எதிர்பார்த்ததைவிடப் பளிச்சென்றுதான் ஒலிக்கும், முதல் நாளே பிடிக்கவில்லை என்று கழற்றிவிடாதீர்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும்.