டிரம் மெஷினா, சாம்பிளா? பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டிரம் மெஷின் வாங்குமுன் ஒன்றை விசாரியுங்கள்: அது ஒலியைச் சர்க்யூட்டில் உருவாக்குகிறதா, அல்லது பதிந்து வைத்த ஒலித் துணுக்கை, அதாவது சாம்பிளை, எடுத்து வாசிக்கிறதா? 1982-ல் வந்த லின்டிரம் இரண்டாவது வகை. அந்த ஒலி மட்டும்தான் வேண்டுமென்றால் நல்ல சாம்பிள் பேக்கே (தயாராகப் பதிந்த ஒலிகளின் தொகுப்பு) பெரும்பாலும் போதும்.

ரோலண்டின் டிஆர்-808 (1980) அப்படியில்லை. அதன் ஹை-ஹாட்டுக்குப் (சிறு ஜோடி சிம்பலின் ஒலி) பின்னால் ஆறு சதுர அலை ஆசிலேட்டர்கள் (அலையை உருவாக்கும் சர்க்யூட்டுகள்) ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டெப் (தாளக் கட்டத்தில் ஒரு தட்டுக்கான இடம்) வரும்போது அந்த இரைச்சலுக்கு வழி திறந்து மூடும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு தட்டும் அலையின் வேறொரு இடத்தில் தொடங்குகிறது. ஒரே ஒரு சாம்பிளை 16 ஸ்டெப்பிலும் போட்டால் இந்த வேறுபாடு செத்துவிடும். டட்டட்டவென்று துப்பாக்கி சுடுவது போலக் கேட்கும். டிஆர்-909 (1983) கலப்பு: கிக் (அடி டிரம்), ஸ்னேர், டாம் ஆகிய டிரம்கள் அனலாக், அதாவது சர்க்யூட்டே உருவாக்குபவை; ஹை-ஹாட்டும் சிம்பலும் சாம்பிள்.

இன்று கிடைக்கும் நகல்களிலும் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரோலண்டின் டிஆர்-08, டிஆர்-8எஸ் இரண்டும் 808-ன் சர்க்யூட்டை டிஜிட்டலாகக் கணக்கிட்டு ஒலிப்பவை. பெஹ்ரிங்கரின் ஆர்டி-8 அனலாக். ஹை-ஹாட் வெறுமையாக ஓடும் பாட்டில்தான் இதெல்லாம் காதில் விழும். மேலே தவிலோ டிஸ்டார்ஷன் கிட்டாரோ இருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு. மெஷினை ஒருநாள் வாடகைக்கு எடுத்து நீங்களே சாம்பிள் செய்யலாம். 24 பிட்டில், உச்சம் -10 டிபி அளவில் நிற்கும்படி பதியுங்கள். ஹை-ஹாட்டை மெல்ல, நடுத்தரமாக, பலமாக என மூன்று அழுத்தத்தில், ஒவ்வொன்றுக்கும் எட்டு தட்டு. கிக்கை டிகே (ஒலி அடங்கும் நேரம்) குமிழின் மூன்று நிலைகளில். ஒரு தட்டின் வால் முழுதும் அடங்கியபின் அடுத்ததைத் தட்டுங்கள். சாம்ப்ளரில் (சாம்பிளை வாசிக்கும் கருவி) எட்டையும் ரவுண்ட் ராபினில் (ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறி) போட்டால் துப்பாக்கிச் சத்தம் போய்விடும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) பதிந்ததை மாற்றாமல் 48-ல் ஓடவிட்டால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். கிக் 'என்னவோ மெலிந்துவிட்டது' என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

மெஷினே வாங்கினால் தலைவலி பெரும்பாலும் நேரத்தில்தான். கம்ப்யூட்டர் அனுப்பும் மிடி கிளாக் (மெஷினை வேகத்தோடு இணைக்கும் சிக்னல்) ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு. 120 பிபிஎம்-மில் (நிமிடத்துக்கு 120 கால் நோட்டு) 20.8 மில்லிசெகண்டுக்கு ஒன்று. நான்கு பார் கிக்கைப் பதிந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ரெக்கார்டிங் மென்பொருளின் தாளக் கோடுகளான கிரிட்டோடு ஒப்பிடுங்கள். எல்லாத் தட்டும் ஒரே அளவு, உதாரணமாக 8 மில்லிசெகண்ட், பின்தங்கினால் அது லேட்டன்சி. ட்ராக்கை அவ்வளவு முன்னால் இழுத்தால் தீர்ந்தது. ஒன்று 3, அடுத்தது 9 என்று அலைந்தால் அது ஜிட்டர். இழுத்துத் தீராது. மெஷினை அதன் சொந்த கிளாக்கில் ஓடவிட்டு, கம்ப்யூட்டரை அதைப் பின்தொடரச் செய்து பாருங்கள். இல்லையேல் பதிந்தபின் தட்டுகளை வெட்டி அடுக்க வேண்டியதுதான்.

மெஷின் கிக்கோடு சாம்பிள் கிக்கைச் சேர்ப்பவர்கள் இந்த நேரச் சரிபார்ப்பைத் தள்ளிப்போட முடியாது. 808 கிக்கின் அடிநாதம் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். இரண்டாவது கிக் 10 மில்லிசெகண்ட் தள்ளி விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். லோ எண்ட் (கீழ்ச் சுருதிப் பகுதி) காணாமல் போகும்; ஈக்யூவில் (சுருதிப் பகுதிகளை ஏற்றி இறக்கும் கருவி) எவ்வளவு ஏற்றினாலும் வராது. முதலில் இரண்டின் தொடக்கத்தையும் ஒரே இடத்துக்கு நகர்த்துங்கள், பிறகு ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசை) திருப்பிப் பார்த்து, எது தடிமனாகக் கேட்கிறதோ அதை வையுங்கள்.

வாங்கும்போது தனித்தனி அவுட்புட் உண்டா, யூஎஸ்பி வழியே தனி ட்ராக்குகளாக வருமா என்று கேளுங்கள். ஸ்டீரியோ ஒன்றுதான் என்றால் கிக், ஸ்னேர், ஹை-ஹாட் என்று மற்றதை மியூட் செய்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பதியுங்கள். மொத்தமாகப் பதிந்துவிட்டால் மிக்ஸிங்கில் ஸ்னேரை மட்டும் குறைக்க வழியில்லை.