இணையத்தில் பகிர்வதற்கு முன் படங்களின் அளவைக் குறைப்பது எப்படி?

தைப்பூசம் முடிந்த கையோடு பத்துமலைப் படங்கள் முகநூலிலும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் வந்து குவியும்போது, காவடியின் மயிற்பீலிகள் குழம்பிப்போய், படிக்கட்டுகள் நெளிந்து தெரிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது கைப்பேசிக் கேமராவின் குறை அன்று. பெரிய படத்தை அப்படியே பதிவேற்றினால், அதைச் சுருக்கும் வேலையை அந்தத் தளம் தன் வசதிக்கேற்பச் செய்துகொள்கிறது. அதை நாமே முன்கூட்டிச் செய்துவிட்டால், படத்தில் எதைக் காப்பது, எதை விடுவது என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

12 மெகாபிக்சல் கேமரா தரும் படம் ஏறத்தாழ 4000 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்டது. 1920க்கு 1080 பிக்சல் கொண்ட மடிக்கணினித் திரையில் அந்தப் படம் முழுவதும் தெரியும்படி வைத்தால், அதன் பிக்சல்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்குத்தான் இடம் கிடைக்கும். ஆகவே வலைப்பதிவுக்கு நீண்ட பக்கம் 1600 பிக்சல் இருந்தாலே தாராளம். இன்ஸ்டகிராமுக்கு அகலம் 1080, முகநூலுக்கு 2048 என்று வைத்துக்கொள்ளலாம். அச்சகத்தார் கேட்கும் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற) எண்ணைப் பற்றி இங்கே கவலை வேண்டாம். அது தாளில் அச்சிடுவதற்கான கணக்கு, திரை அதைப் பொருட்படுத்துவதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளை வைத்துச் செய்முறையைச் சொல்கிறேன். முதலில் மூலப்படத்தை வேறொரு கோப்புறையில் நகலெடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். சிறிதாக்கிய படத்தைப் பின்னர் பெரிதாக்க முயன்றால், மென்பொருள் இடைவெளிகளை ஊகித்து நிரப்புமே தவிர, போன நுணுக்கங்கள் திரும்பி வரா. நகலைத் திறந்ததும், ஓரத்தில் புகுந்துவிட்ட அந்நியர் முதுகு போன்ற வேண்டாத பகுதிகளைக் கிராப் கருவியால் வெட்டிவிடுங்கள். வெட்டுவது முன்னும் சுருக்குவது பின்னுமாக இருந்தால்தான் இறுதி அளவு நாம் நினைத்தபடி அமையும்.

அடுத்து 'இமேஜ்' பட்டியலில் 'ஸ்கேல் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் பக்கத்தில் உள்ள சங்கிலிக் குறி இணைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அது பிரிந்திருந்தால் ஓர் எண்ணை மட்டும் மாற்றும்போது விகிதம் கெட்டு, 140 அடி முருகன் சிலைகூடக் குட்டையாகிவிடும். வெட்டிய பிறகும் படம் 4:3 விகிதத்தில் இருந்தால், அகலத்தில் 1600 என்று இட்டதும் உயரம் தானாகவே 1200 ஆகும். அதன் கீழே இன்டர்போலேஷன் (புதிய அளவுக்கான பிக்சல்களைக் கணக்கிடும் முறை) என்றொரு தேர்வு இருக்கும். தொடக்கநிலையினர் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. அதில் 'நன்' (None) என்று இருந்தால், மென்பொருள் சில பிக்சல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டுவிடும். பத்துமலையின் 272 படிகளைப் போல நெருக்கமான கோடுகள் நிறைந்த படத்தில், அந்த முறை கோடுகளைப் பல்பல்லாக உடைத்து, இல்லாத அலைகளை உண்டாக்கும். 'கியூபிக்' அல்லது 'நோஹேலோ' அண்டைப் பிக்சல்களையும் கணக்கில் கொள்வதால் கோடுகள் சீராக நிற்கும்.

சுருக்கிய படம் சற்று மங்கலாகத் தோன்றுவது இயல்பு. 'ஷார்ப்பன்' வடிகட்டியில் ரேடியஸ் 1க்கு மேற்படாமல், அமவுண்ட் 0.5 அளவில் வைத்தால் போதும். அதற்கு மேல் கூட்டினால் முகங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்.

சேமிக்கும்போது 'சேவ்' கட்டளையைப் பயன்படுத்தினால் கிம்ப் தன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில்தான் எழுதும். அது இணையத்துக்கு ஆகாது. 'எக்ஸ்போர்ட் அஸ்' வழியாக ஜேபெக் வடிவைத் தேர்ந்து, தரத்தை 80க்கும் 85க்கும் இடையில் வையுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை மாற்றிச் சேமிக்கப்படும்போதும் கொஞ்சம் தகவலை இழக்கும் என்பதால், ஜேபெக்காக ஏற்றுமதி செய்வதை எல்லாத் திருத்தங்களும் முடிந்தபின் ஒரே முறை செய்வது நல்லது. எழுத்துகள் நிறைந்த அழைப்பிதழ் அல்லது திரைப்பிடிப்பு என்றால் பிஎன்ஜி வடிவே பொருத்தம். ஜேபெக்கில் எழுத்தோரங்கள் அழுக்கடைந்தாற்போல் தெரியும்.

அதே சாளரத்தில் எக்சிஃப் தரவை, அதாவது படத்தோடு கேமரா பதிந்துவைக்கும் விவரங்களை, சேமிக்கும் பெட்டி ஒன்று உண்டு. கைப்பேசியில் இருப்பிட வசதி இயங்கியிருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அந்தத் தரவுக்குள் இருக்கும். வீட்டில் எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பொதுவில் இடும்போது அந்தப் பெட்டியில் உள்ள தேர்வுக் குறியை எடுத்துவிடுங்கள். என் கருத்தில் இது படத் தரத்தைவிட முக்கியமானது.

உறவினர் யாராவது சட்டமிட்டு மாட்டுவதற்குப் படம் கேட்டால், இந்தச் சிறிய படத்தைக் கொடுக்காதீர்கள். எடுத்து வைத்த மூலப்படத்தைப் புலனத்தில் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பினால், அது சுருக்கப்படாமல் அப்படியே போய்ச் சேரும்.